காட்டுவது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு

பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

அவருக்கு 24 வயது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அவருடைய அம்மா திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகிப் பெங்களூரு வந்தவர். சர்ஜாபூர் சாலையில் 600 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அடுக்ககத்தின் வாசலுக்கு ஒரு செயலி வந்தது. வேலைக்கு வரும் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். செல்போன் எண்ணும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா உள்ளே நுழைந்தாலும் வெளியே போனாலும் நான்கு வீட்டாரின் செல்போனுக்கும் தகவல் போகிறது. வேலைக்கு நட்சத்திர மதிப்பெண் உண்டு, குறிப்பு எழுதவும் இடம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா வேலையை விட்டு நின்ற ஒரு வீட்டார், "சொல்லாமல் நின்றுவிடுவார், நம்ப முடியாது" என்று எழுதிவைத்த குறிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு புது வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சென்ற தீபாவளிக்கு முன் ஒரு வீட்டில் தங்கத் தோடு காணாமல் போனது. செயலியில் இருந்த அம்மாவின் படத்தை யாரோ எடுத்து, செல்போன் எண்ணோடு குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இவரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள்" என்று எழுதினார். மூன்றாம் நாள் தோடு வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. படம் மட்டும் நீக்கப்படவில்லை. இன்னொரு வீட்டில், வாசல் பதிவில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, "தினமும் இருபது நிமிடம் குறைகிறது" என்று சம்பளத்தில் 600 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். இப்போது முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று கேமரா வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் அது கட்டாயமாம்.

"2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதை வைத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல முடியாதா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா? ஆதார் கேட்பதே குற்றம் என்கிறார்களே, போலீஸில் புகார் கொடுக்கட்டுமா? எதுவும் முடியாவிட்டால் வாசலில் நடப்பதை வீடியோ எடுத்து ஊரறியப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்கிறார். அம்மாவோ, "நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? பேசாமல் இரு, இருக்கிற வேலையும் போய்விடும்" என்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

வக்கீலான நான், சில மாதங்களுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்க இப்படிப்பட்ட ஓர் அடுக்ககத்துக்குப் போயிருந்தேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி தம்பி செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "படம் வேண்டாம், வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்" என்றேன். கேட்டார், கதவு திறந்தது. எனக்குப் பின்னால் துணிப்பையும் டிபன் டப்பாவுமாக நின்ற இரண்டு பெண்கள் ஒன்றும் சொல்லாமல் கேமராவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இருந்த வசதி அவர்களுக்கு இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த இரண்டு பேர்தான் கண் முன்னால் நிற்கிறார்கள்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றைவிட அதுதான் கனமானது. மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லைதான். 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்ததிலிருந்து அம்மா தினமும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஆதாரைக் காட்டித்தான் இலவச டிக்கெட் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டக்டர் பார்க்கிறார், டிக்கெட் கொடுக்கிறார், அட்டை அம்மாவின் பர்ஸுக்கே திரும்பிவிடுகிறது. அவர் அதை நகல் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அம்மா எந்த நிறுத்தத்தில் இறங்கினார் என்று நான்கு பேருக்குச் சொல்லி அனுப்புவதும் இல்லை. அடுக்கக வாசலிலோ அம்மா தன்னுடைய படத்தையும் எண்ணையும் ஆதாரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மூன்று ஆண்டுகளாக அவை அங்கேயே இருக்கின்றன. வந்து போகிறவர் யார் என்று தெரிந்துகொள்வதில் அடுக்ககத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் தனியாக இருக்கும் வீடுகள் அங்கே எத்தனையோ உண்டு. தெரிந்துகொண்ட பிறகு அதை எத்தனை காலம், யார் யார் பார்க்கும்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் நம் வழக்கு. அம்மாவிடம் இதை அந்தப் பஸ்ஸை வைத்தே சொல்லிப் பாருங்கள்.

சட்டம் வந்துவிட்டது, கைக்கு இன்னும் எட்டவில்லை

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அப்போதும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது போன்ற சில பகுதிகள் மட்டுமே உடனே நடைமுறைக்கு வந்தன. சம்மதம் வாங்குவது, கேட்டால் அழிப்பது, தவறைத் திருத்துவது ஆகிய முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது 2027 மே மாதம். அதற்கு முன் இந்தச் சட்டத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார்.

வரப்போகும் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமானவை உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். பாதகமானவையும் உண்டு. வேலை கொடுப்பவர் தன்னை இழப்பிலிருந்து காத்துக்கொள்ளச் சில தகவல்களைச் சம்மதம் இல்லாமலே கையாளலாம் என்று அதே சட்டம் வழிவிடுகிறது. தனி ஆள் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது.

ஆகவே இன்று நம் கையில் இருப்பது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும்தான். அந்த விதிகள் கைரேகை, கருவிழி, முக அமைப்பு ஆகியவற்றை நுண்ணிய தகவல் என்று தனியாகப் பிரிக்கின்றன. எழுத்தில் சம்மதம் வாங்காமல் அவற்றைச் சேகரிக்கக் கூடாது, தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது, குறை கேட்கும் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரை இணையதளத்தில் வெளியிட வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்கின்றன.

இங்கே ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செயலிக் கம்பெனிக்கு எழுதினால், "நாங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்காக வேலை செய்கிறோம், சம்மதம் வாங்குவது அவர்கள் பொறுப்பு" என்பார்கள். சங்கத்துக்கு எழுதினால், "நாங்கள் வியாபார நிறுவனம் இல்லை, அந்த விதிகள் எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். இரண்டு வாதத்துக்கும் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதனால் தனித்தனியாக எழுதாதீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதி, "உங்களில் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்" என்று கேளுங்கள். எங்கள் பொறுப்பு இல்லை என்று இருவரும் எழுத்தில் கொடுக்கத் தயங்குவார்கள். பேச்சுவார்த்தை தொடங்கும் இடம் அதுதான்.

ஆதாரும் அந்த ஆங்கிலத் தாளும்

ஆதார் கேட்பது குற்றம் என்பது பாதி உண்மை. 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பெயரில் ஆதாரைக் கட்டாயப்படுத்த வழிசெய்த பகுதியை ஆதார் சட்டத்திலிருந்து நீக்கியது. 2019-இல் வந்த திருத்தம், ஆள் தானாக முன்வந்தால் ஆதாரைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்யலாம் என்று அனுமதித்தது. அப்படி உறுதிசெய்பவர் ஆதார் எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, வேறு வழிகளும் உண்டு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ஆகவே வாசலில் அடையாள அட்டை கேட்கலாம், ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. இதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் ஒரு நாள் வீணாகும். எழுத்து மூலமாகத் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

நடைமுறையில் செய்யக்கூடியது எளிது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரைப் பதிவிறக்கலாம். அதை அச்செடுத்து, படத்துக்குக் குறுக்கே "இன்ன அடுக்கக நுழைவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அம்மா கையெழுத்திடட்டும். அதைக் கொடுத்துப் பழைய முழு நகலைத் திரும்பக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே 2022 மே மாதத்தில், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கை போய்விட்டாலும் மறைத்த ஆதார் என்ற வசதி அப்படியேதான் இருக்கிறது. வாக்காளர் அட்டை இருந்தால் அதைக் காட்டுவது இன்னும் நல்லது.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, இனி என்ன செய்ய முடியும் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் வருந்தியிருக்கிறீர்கள். புரியாத மொழியில், வரிசையில் நிற்கவைத்து, போடாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்ற நிலையில் வாங்கிய கையெழுத்து அது. 2011 விதிகளே கொடுத்த சம்மதத்தை எழுதிக்கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்கின்றன. அந்தத் தாளின் நகல் ஒன்றை முதலில் கேட்டு வாங்குங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முகத்தைக் கொடுப்பது

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். முகத்தை அடையாளம் காணும் கருவி அம்மாவின் படத்தை மட்டும் வைத்திருப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் தாடைக்கும் இடையே உள்ள அமைப்பை எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. செல்போன் எண் தவறான கைக்குப் போனால் வேறு எண் வாங்கலாம், பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். முகத்துக்கு அந்த வழி கிடையாது. சமையலறையில் ஏலக்காய் டப்பா எங்கே இருக்கிறது என்பது வரை அம்மாவை நம்பி விட்டிருக்கும் ஒரு வளாகம், வாசலில் மட்டும் அவரிடம் இவ்வளவு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அதற்காக நாளைக்கே மறுத்துவிடச் சொல்ல மாட்டேன். காரணம், 2011 விதிகளில் ஒரு கத்தி இருக்கிறது: தகவல் கொடுக்க மறுக்கும் உரிமை உண்டு, ஆனால் மறுத்தவருக்குச் சேவையைத் தர மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கும் உண்டு. அம்மாவுக்கு அது சேவை இல்லை, நான்கு வீட்டுச் சம்பளம். நாளை முதல் வர வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதைத் தடுக்கும் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கு இன்று இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமா என்று குழு அமைத்து ஆராயும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டதே அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதால்தான்.

ஆகவே மறுப்பதாக எழுதாமல் மாற்று வழி கேட்பதாக எழுதுங்கள். அட்டையோ நான்கு இலக்க எண்ணோ இத்தனை நாள் போதுமானதாக இருந்தது, அதையே தொடர அனுமதியுங்கள் என்பது ஒரு வரி. முகப் பதிவு வாசல் கருவியிலேயே இருக்கிறதா, கம்பெனியின் கணினிக்குப் போகிறதா, வேலையை விட்ட பிறகு எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பது அடுத்த வரி. இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு கையெழுத்து இருக்கக் கூடாது. காலையில் அதே வாசலில் நிற்கும் சமையல்காரர்கள், டிரைவர்கள், குழந்தை பார்க்கும் ஆயாக்கள் என்று இருபது பேர் கையெழுத்திட்டால் இருபது பேரையும் ஒரே நாளில் யாரும் நிறுத்த மாட்டார்கள். வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடகம் 2004-லேயே அறிவித்ததற்குப் பின்னால் இப்படிக் கூடி நின்ற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு சங்கத்தை அணுகுங்கள்.

இன்னொரு துணையும் உள்ளேயே இருக்கிறது. அம்மா நான்காவது வீட்டுப் பாட்டியைப் பற்றிப் பிரியமாகப் பேசுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டார் அடுக்ககத்தின் வீட்டு உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினர்கள், பொதுக்குழுவில் எழுந்து பேச உரிமை உள்ளவர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது அம்மாவின் கஷ்டத்தை மட்டும் இல்லை. அம்மா எந்த நேரம் எந்த வீட்டில் இருக்கிறார் என்ற பதிவு, அந்த வீடு எந்த நேரம் பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார் என்ற பதிவும்கூட. அது கசிந்தால் ஆபத்து யாருக்கு என்று அவர்களே யோசிக்கட்டும். சங்கக் கூட்டத்தில் சட்டப் பிரிவைவிட இந்த வாதம் அதிகம் எடுபடும் என்று நினைக்கிறேன்.

தோடும் 600 ரூபாயும்

வாட்ஸ்அப் குழுவில் நடந்தது சாதாரண விஷயம் இல்லை. நேர்மையாக உழைக்கும் ஒரு பெண்ணின் படத்தையும் எண்ணையும் போட்டுத் திருட்டுப் பழி சுமத்தியிருக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின் கீழ் இது அவதூறாகக் கருதப்படலாம். இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு, மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனால் போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யும் குற்றம் இல்லை இது. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகக் கொடுத்து, அம்மா சாட்சி சொல்லி, வருடக்கணக்கில் நடக்க வேண்டும். நல்லெண்ணத்தில் எச்சரித்தேன் என்ற விதிவிலக்கை எதிர்த் தரப்பு நிச்சயம் எடுக்கும். தோடு கிடைத்த பிறகும் படத்தை நீக்காமல் விட்டார்களே, அங்கேதான் அவர்களுடைய நல்லெண்ணம் பலவீனமாகிறது.

என் யோசனை: வழக்குக்கு முன் ஒரு திருத்தம் கேளுங்கள். படத்தை நீக்க வேண்டும், அதே குழுவில் அதே ஆள், "தோடு எங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, இவர்மீது நாங்கள் சொன்னது தவறு" என்று எழுத வேண்டும். அம்மாவின் பெயர் அந்த 600 வீடுகளுக்குள்தான் கெட்டது, அங்கேதான் சரியாக வேண்டும். அதற்கு முன் அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் தேதியோடு உங்களிடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீக்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

சம்பளப் பிடித்தம் எளிதில் தீரக்கூடியது. வாசல் பதிவு வாசலில் நுழைந்த நேரத்தைக் காட்டும், வீட்டுக்குள் வேலை செய்த நேரத்தைக் காட்டாது. ஒரு வீட்டில் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போவதும், வேலைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஒற்றை லிஃப்ட்டுக்காகப் பதினாறாம் மாடியில் காத்து நிற்பதும் அதில் எங்கே பதிவாகிறது? இரண்டு வாரம் அம்மா வீட்டுக் கதவைத் தட்டிய நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் கணக்கு எழுதுபவர், அந்த நோட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசியும் கேட்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். பேசினாலே தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய வீட்டார் எழுதிய குறிப்பையும் கம்பெனிக்கு எழுதும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். தவறான தகவலைத் திருத்தக் கேட்க 2011 விதிகளிலேயே இடம் உண்டு. கருத்து எங்களுடையது இல்லை, பயனருடையது என்று மழுப்புவார்கள். அப்படியானால் அம்மாவின் பதிலையும் அதன் கீழே போடுங்கள் என்று கேளுங்கள்.

ரிட் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்ன வழக்கைத் தொடுத்தவர் நம் பெங்களூருக்காரர்தான், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. எண்பது வயதைக் கடந்த பிறகு அவர் அந்த வழக்கைப் போட்டார். அதைப் படித்து உங்களுக்கு நம்பிக்கை வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் எதிர்த்தது அரசை. ரிட், அதாவது உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு, பொதுவாக அரசுக்கும் அரசின் கடமையைச் செய்யும் அமைப்புகளுக்கும் எதிராகத்தான் நிற்கும். வீட்டு உரிமையாளர் சங்கம் தனியார் அமைப்பு. வாழ்வுரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் ஓர் அரசியல் சாசன அமர்வு சொன்னது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒருநாள் பெரிய வழக்கு நடத்தலாம். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் உங்கள் அம்மாவின் முதுகில் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

வீடியோவைப் பற்றி: செய்யாதீர்கள். அதில் முதலில் தெரியப்போவது செக்யூரிட்டியின் முகம். அவரும் எங்கிருந்தோ வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், அவருடைய முகமும் அதே கருவியில்தான் பதிவாகிறது. அடுக்ககத்தின் பெயரைப் போட்டால் அவதூறு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும், அம்மாவின் வேலையும் அன்றே போகும். அம்மாவின் படத்தைச் சம்மதமில்லாமல் போட்டதற்காகத்தானே நமக்கு இவ்வளவு கோபம்?

அம்மாவிடம் ஒரு வார்த்தை

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், "அம்மாவுக்குத் தெரியாமல் அவர் செல்போனை எடுத்துத்தான் இதையெல்லாம் பார்த்தேன், அவர் தானாகச் சொல்லவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் செய்தீர்கள், புரிகிறது. ஆனாலும் அம்மாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த பழியை அவர் உங்களிடம் மறைத்திருந்தால், மகள் மனம் உடையக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அதுவும் அவருடைய அந்தரங்கம்தான். இது அவருடைய படம், அவருடைய பெயர், அவருடைய வேலை. எதைக் கேட்பது, எதை இப்போதைக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். முகக் கேமராவை ஏற்றுக்கொண்டு, திருட்டுப் பழியை மட்டும் துடைத்தால் போதும் என்று அவர் சொன்னால், அப்படியே செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடிதம் எழுத வக்கீலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். நேரில் போவதானால் சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் மாநில சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகள், நேரம் எழுதிய நோட்டு, மறைத்த ஆதார் ஆகியவற்றோடு போங்கள். கடிதம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பதில் விரைவில் வரும். ஆனால் அதை அம்மாவுக்குத் தமிழில் ஒரு வரி விடாமல் படித்துக்காட்டுங்கள். அவருக்குத் தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சங்கடத்தோடு எழுதியிருந்தீர்கள். தமிழில் போடும் கையெழுத்து எந்த அலுவலகத்திலும் செல்லும்.